கல் கட்டிய கரையில் மீன்கொத்தி எங்கே முட்டையிடும்?

தெருமுனைக் குளத்தான்:
ஊருக்குள் பார்த்த உயிர்களைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். தேரூர்க் கூழைக்கடாக்களையும் மணக்குடி நாரைகளையும் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. நாகர்கோவிலில் எங்கள் தெருமுனைக் குளத்துக்குத்தான் யாருமில்லை.

அதன் கிழக்குக் கரை செங்குத்தான மண் சுவர். இடுப்பளவு உயரத்தில், முஷ்டி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதன் வாயில் சுண்ணாம்பு வழிந்ததுபோல் எச்சம். வெண்மார்பு மீன்கொத்தியின் வீடு அது. எச்சம் அப்படி வழிந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று பொருள். பெயர்தான் மீன்கொத்தி, எங்கள் பறவை ஓணானையும் வெட்டுக்கிளியையும்தான் அதிகம் கொண்டுவந்தது. ஓணானை மின்கம்பியில் நாலு அடி அடித்துவிட்டு, நேராகப் பாய்ந்து பொந்துக்குள் மறையும். பல் தேய்த்தபடி இதைப் பார்ப்பது என் காலை வழக்கம்.

குளத்தை ஆகாயத்தாமரை மூடி நாற்றம் தாங்கவில்லை. தூர்வாரிக் கரைக்குக் கல் கட்டச் சொல்லி மனு கொடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. சித்திரையில் ஜேசிபி வந்தது. ஆகாயத்தாமரை போனது, நல்லது. கூடவே கரையோரத்தில் உயரமாக வளர்ந்த சம்பும் கோரையும் போயின. பிறகு நான்கு பக்கமும் கல் கட்டி, சிமெண்ட் பூசி, நடைபாதை போட்டார்கள். கிழக்குக் கரையை வழித்தெடுத்த அன்று மாலை, அந்தப் பறவை வாயில் வெட்டுக்கிளியுடன் பொந்து இருந்த இடத்துக்கு நேரே வந்து வந்து திரும்பியது. இருட்டும்வரை அதை விழுங்கவே இல்லை.

இப்போது குளம் படம் எடுக்க அழகாக இருக்கிறது. தாழைக்கோழி ஒன்றுகூட இல்லை; ஒளிந்துகொள்ளச் சம்பு இல்லாத இடத்துக்கு அது ஏன் வரப்போகிறது? இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் முட்டையிடும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்; அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். அந்தத் தகப்பனுக்கும் இடம் போயிற்று. ‘சின்னக் குளம்தானே’ என்கிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் ஏறிய நம் வேம்பனூர் ஈரநிலம் மொத்தமே 19.75 ஹெக்டேர்தான்.

கோட்டாற்றுப் பேத்தி:
அண்ணாச்சி, எங்கள் வீட்டுக் கதை வேறு. ஓட்டு வீட்டு மச்சில் கூகை என்கிற ஆந்தை ஜோடி குடியேறியதும் பாட்டி அலறிவிட்டார். சாக்குருவியாம், வீட்டில் சாவு விழுமாம். ஏறிப் பார்த்தேன். கட்டைவிரல் தடிமனில் கறுப்பு உருண்டைகள். செரிக்காததைக் கூகை கக்கிப் போட்டவை. ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். எலி மயிர், பிறகு மஞ்சள் பல்லோடு மூன்று மண்டையோடுகள். பாட்டி முறத்தில் போட்டுப் பார்த்தார். “மூன்றா? ஒரே உருண்டையிலா?” என்றார். அதன்பிறகு துரத்தச் சொல்லவில்லை; மச்சில் பழைய சாக்கு விரித்துவிட்டார்.

இப்போது வீட்டை இடித்துக் காங்கிரீட் போடப்போகிறோம். மரப்பெட்டி செய்து வைக்கலாம் என்கிறார் ஆசாரி. கூகை அதை ஏற்குமா?

குழித்துறை விளைக்காரன்:
ஏற்கும் தங்கச்சி. வாசலை அகலமாக விட்டு, நிழலில், ஆள் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், வைத்த பெட்டியில் முதல் வருடம் மைனா குடியிருந்தது, அடுத்த வருடம்தான் கூகை வந்தது. அதே விளையில் பலா இனத்து அயனி மரம் ஒன்றும் நிற்கிறது. சுற்றிலும் எல்லாரும் ரப்பர் போட்டுவிட்டதால், அதன் சக்கை (பழம்) பழுத்தால் பக்கத்து ஊர்ப் பறவைகள் எல்லாம் இங்கேதான். வெட்டச் சொல்லி வியாபாரி வருடம் தவறாமல் வருகிறார். அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்புகிறோம்.

தெருமுனைக் குளத்தான்:
அடுத்த தெருக் குளத்துக்கும் இதே வேலை வருகிறதாம். தூர்வாருங்கள், ஆனால் ஒரு பக்கக் கரையையாவது மண்ணாக விடுங்கள், அந்தப் பக்கச் சம்பைத் தொடாதீர்கள் என்று மறுபடி மனு எழுதிக் கொண்டுபோனேன். வாங்கியவர் படித்துவிட்டு, “முன்பு கல் கட்டக் கேட்டதும் நீங்கள்தானே?” என்றார். ஆமாம் என்றேன். சிரித்தபடி எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டார்.