புதுப்பிப்பு: அன்சி போய் வந்தாச்சு

"சேலத்திலிருந்து பிரான்ஸ் வரை போய் அனிமேஷன் குறும்படம் பார்ப்பது ஓவரா?" என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். யூடியூபில் பார்த்துக்கொள் என்றவர்கள் மன்னிக்கவும், போய்விட்டேன். விசா கடைசி வாரத்தில்தான் வந்தது, அதை விடுங்கள்.

அன்சி என்ற பிரெஞ்சு நகரில் நடக்கும் இந்த அனிமேஷன் பட விழா 1960-இல் தொடங்கியது. படத்துக்கு முன் அரங்கமே காகித ராக்கெட் மடித்து மேடையை நோக்கி விடுகிறது. மேடையில் இறங்கினால் கைதட்டல். என்னுடையது முன்வரிசைக்காரர் தலையில் இறங்கியது. கடைசி பெஞ்சில் கற்ற மடிப்பு, அவ்வளவுதான் வரும். திரையில் முயல் தெரிந்தால் "முயல்!" என்று பிரெஞ்சில் கத்துகிறார்கள். இரண்டாம் நாள் நானும் கத்தினேன்.

மறக்க முடியாதது ஒரு களிமண் பொம்மைப் படம். கிழவியின் கன்னத்தில், செய்தவரின் விரல்ரேகை அப்படியே பதிந்திருந்தது. பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, திரையில் ஓடும் ஒரு நொடிக்குப் பெரும்பாலும் 12 புகைப்படம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் விரல் புதிதாகப் படுவதால் அந்த ரேகையும் அவள் பேசும்போதெல்லாம் துடித்தது. யூடியூபில், அதுவும் போனில், அது தெரியுமா?

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: அம்மாப்பேட்டையில் வாங்கிப்போன தட்டுவடைதான் காப்பாற்றியது. சட்னி, கேரட், பீட்ரூட் இல்லாமல் சேலத்துத் 'தட்டுவடை செட்' ஆகாது, சரி, பசிக்கு ஆகும்.

ஏரிக்கரைப் புல்வெளியில் இரவு இலவசத் திரையிடலும் உண்டு. ஏற்காடு ஏரி ஞாபகம் வந்தது. ஆனால் ஜூனில் அன்சியில் இருட்டவே பத்து மணி ஆகிறது.

ஒரே வருத்தம், திரும்பி வருவதற்குள் வீட்டில் மாம்பழம் தீர்ந்திருந்தது.