சாகோஸ் தீவுகளை விற்றுத்தான் ராம்கூலம் சுதந்திரம் வாங்கினாரா?

அலைமகன்:
அண்ணன் மொரிஷியஸில் ஹோட்டல் வேலையில் இருக்கிறான். லீவில் வந்தபோது அந்த நாட்டு 2000 ரூபாய் நோட்டு ஒன்று கொண்டுவந்து, அதிலிருந்த படத்தைக் காட்டினான். "இவர்தான் இந்த நாட்டுத் தந்தை, சிவசாகர் ராம்கூலம். 1968 மார்ச் 12-இல் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவர்" என்றான். அடுத்த மூச்சிலேயே, "மொரிஷியஸோடு இருந்த சாகோஸ் தீவுகளை வெள்ளைக்காரனுக்கு வித்தவரும் இவர்தானாம்" என்கிறான். எதை நம்புவது?

நேர்கோடு:
இதில் யோசிக்க என்ன இருக்கு? பிரிட்டனிடம் 30 லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு தலையாட்டினார். சாகோஸிலுள்ள டியகோ கார்சியா தீவில் அமெரிக்கத் தளம் வந்தது, அங்கே இருந்த ஜனங்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். அதற்குப் பெயர் விற்பனைதான்.

பழைய கணக்கர்:
அவ்வளவு சுலபமாக முடிக்காதீர்கள் நேர்கோடு. போர்ட் லூயிஸில் ஒரு துணி ஆலையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். சம்பள நாளில் என் கையில் புரண்ட முகங்கள் இவை. அதனால் நோட்டிலிருந்தே வருகிறேன்.

50 ரூபாயில் மொரீஸ் பாத்துரோ. 200-இல் அப்துல் ரசாக் முகமது. 500-இல் சுக்தேவ் பிஸ்ஸுன்தயாள். 2000-இல் ராம்கூலம். மொரிஷியஸ் தலைவர்களான இந்த நாலு பேரும் 1965 செப்டம்பர் 23 அன்று மதியம் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாகோஸைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதமா என்று பிரிட்டிஷ் காலனி மந்திரி கிரீன்வுட் கேட்ட கூட்டம் அது. தொகை போதாது, என் மறுப்பை எழுதிக்கொள்ளுங்கள் என்றவர் பாத்துரோ. நாலு பேரில் சின்ன நோட்டு அவருக்குத்தான் கிடைத்தது!

ஆனால் காரியம் அன்று காலையிலேயே முடிந்துவிட்டது. ராம்கூலத்தை மட்டும் டவுனிங் தெருவுக்கு அழைத்து பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் பேசினார். அதற்காக வில்சனுக்கு அவருடைய செயலர் எழுதிக் கொடுத்த குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது. ஆசை காட்டியே ஆளை மிரட்ட வேண்டும் என்பது அதன் சாரம்: சுதந்திரம் கிடைக்கும் என்ற ஆசை, சாகோஸில் ஒத்துவராவிட்டால் கிடைக்காது என்ற பயம். மறுநாளே கிரீன்வுட் சுதந்திர அறிவிப்பைச் செய்தார். நவம்பர் 8-இல் சாகோஸை வெட்டி எடுத்தாயிற்று.

அந்த வாரம்தான் ராம்கூலத்துக்கு 65 வயது முடிந்திருந்தது. ஊரிலோ பாதிப் பேருக்குச் சுதந்திரமே வேண்டாம். 1967 தேர்தலில் 62 இடங்களில் அவர் அணி 39 பிடித்தும், எதிரணிக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஓட்டு விழுந்தது. வெறுங்கையோடு லண்டனிலிருந்து திரும்பியிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

விற்கிறவனுக்குச் சரக்கு சொந்தமாக இருக்க வேண்டாமா? அன்றைக்கு மொரிஷியஸே பிரிட்டன் கையில். 2019-இல் சர்வதேச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது: ஒரு தரப்பு மற்றதன் பிடியில் இருக்கும்போது அதை உடன்படிக்கை என்று பேசவே முடியாது என்று.

நான் அவரை மன்னிக்காத இடம் வேறு. அகதிகளாக வந்த சாகோஸ்காரர்களுக்கென்று பிரிட்டன் 6,50,000 பவுண்டு கொடுக்க 1972-இல் ஒப்புக்கொண்டது. அப்போது ராம்கூலம் சுதந்திர நாட்டின் பிரதமர், மிரட்ட ஆளில்லை. அந்தப் பணம் ஜனங்கள் கைக்குப் போக 1977, 78 ஆகிவிட்டது. அதற்குள் விலைவாசி அதைத் தின்றிருந்தது. ஒரு நாள் சம்பளம் தள்ளிப்போனால் என் ஜன்னல் முன்னால் என்ன கூச்சல் எழும் என்று எனக்குத் தெரியும். இவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள், போர்ட் லூயிஸின் ரோஷ் புவா பகுதித் தகரக் கொட்டகைகளில்.

எங்கள் ஆலையில் துணி மடிக்கும் பிரிவில் ஒரு சாகோஸ் அம்மா இருந்தார். சம்பளத்தில் 2000 நோட்டு வந்தால் எடுக்கவே மாட்டார், ஜன்னல் வழியே திருப்பித் தள்ளுவார். 1000 நோட்டாக இரண்டு கொடு என்பார்.

மல்லிப்பூ:
ஆயிரத்தில் யார்? நம்மாள் யாரும் எந்த நோட்டிலும் இல்லையா?

பழைய கணக்கர்:
இல்லாமலென்ன, 100-இல் ரங்கநாதன் சீனிவாசன். 1958-லேயே போய்விட்டார், அந்த மேசைக்கு வந்து சேரவில்லை. நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு. 1998-இல் அதை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தார்கள். தமிழர்கள் போட்ட சண்டையில் அத்தனை நோட்டையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

ஆயிரத்தில் இருப்பவர் கயேத்தான் டூவால். சுதந்திரமே வேண்டாம், பிரிட்டனோடு ஒட்டியே இருப்போம் என்று 67-இல் ஊர் ஊராகப் பேசியவர். 69-இல் அவரே ராம்கூலம் மந்திரிசபையில் போய் உட்கார்ந்தார், அது தனிக்கதை.

அலைமகன்:
அந்த அம்மா அதற்காகத்தான் டூவால் நோட்டைக் கேட்டாரா?

பழைய கணக்கர்:
சில்லறை மாற்ற வசதி என்பதற்காகவும் இருக்கலாம் தம்பி. நான் கேட்டதில்லை. எண்ணிக் கொடுப்பேன், முந்தானையில் முடிகிற மாதிரி கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய்விடுவார்.