ஸ்பின் சத்தம்: துணியா, பேரிங்கா?

மாடிவீடு: ஃப்ரண்ட் லோட் மெஷின். துவைக்கும்போது தொந்தரவே இல்லை. ஸ்பின் நிமிடத்துக்கு 1200 சுற்றைத் தொட்டால் ஹாலில் பேச முடியவில்லை. இரண்டு மாதமாகத்தான் இப்படி. வந்து பார்த்த மெக்கானிக், "டிரம்மைச் சுழலவிடும் பேரிங் போச்சு, டிரம்மைச் சுத்தி இருக்குற வெளித்தொட்டி, அதான் டப், அதையே மாத்தணும்" என்கிறார். நம்பலாமா?

சமநிலை: உடனே பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒற்றை பெட்ஷீட் போட்டால் ஈரத்தோடு ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தப் பாரம் இழுக்கும் விசை நான்கு மடங்காகும். 600-ல் தெரியாதது 1200-ல் மெஷினையே நகர்த்திவிடும். மெஷினின் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலைத் திருகி மட்டம் பார்த்து, லாக் நட்டை இறுக்குங்கள்.

பழைய ஸ்பேனர்: மட்டம் பார்க்கட்டும், சரி. ஆனால் எதற்கெடுத்தாலும் துணிமேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். பாரம் ஒரு பக்கம் சேர்ந்தால் 'தட் தட்' என்று இடிக்கும். இப்போது வரும் மெஷின்கள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்து, முழு வேகத்துக்குப் போகாமலே நிறுத்தித் துணியைப் பிரித்துப் போடப் பார்க்கும். இவருக்கு 1200 தொட்ட பிறகல்லவா சத்தம்? பேரிங்குக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே துரு ஏறும். அந்தச் சத்தம் இடிக்காது, வேகம் கூடக்கூட இரைச்சலாக ஏறும். துணியே போடாமல் ஸ்பின் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

சமநிலை: காலி டிரம் இரைந்தாலே பேரிங்கா? உள்ளாடைக் கம்பியோ சில்லறைக் காசோ டிரம்முக்கும் டப்புக்கும் நடுவில் விழுந்தாலும் சத்தம் வருமே.

பழைய ஸ்பேனர்: வரும். ஆனால் அது உரசும் சத்தம், கையால் மெதுவாகச் சுற்றினாலே தெரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். டப்போடு சேர்ந்து அசைந்தால் அது ஸ்பிரிங் ஆட்டம், பயமில்லை. டிரம் மட்டும் தனியாக 'லொடக்' என்றால் பேரிங்தான்.

மாடிவீடு: தனியாகத்தான் ஆடுகிறது. சுற்றினால் மாவு மில் மாதிரி கரகரப்பு. பின்னால் மூடியைக் கழற்றினால் நடுவிலிருந்து துருக்கறை வழிந்திருக்கிறது.

சமநிலை: அப்படியென்றால் சீலும் போயிருக்கிறது. அதற்காக டப்பையே மாற்றச் சொல்வது என்ன நியாயம்? இரண்டு பாதியும் ஸ்க்ரூவில் சேர்ந்திருந்தால் பேரிங், சீல் மட்டும் போதும். மெக்கானிக்கிடம் அதை முதலில் கேளுங்கள்.

பழைய ஸ்பேனர்: ஒட்டி மூடிய டப்பாக இருந்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. பிரிக்கும்போது டிரம்முக்குப் பின்னால், அதைச் சுழல் தண்டோடு இணைக்கும் மூன்று கை அலுமினிய ஸ்பைடரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அரித்திருந்தால் புது பேரிங் போட்டும் பயனில்லை. அதுவரை ஸ்பின் போடாதீர்கள், டிரம் டப்பில் இடித்தால் டப்பும் உடையும்.