அராகிடோனிக் அமிலம்: "கடலை அமிலம்" வேண்டாம், வேறு பெயர் பார்ப்போம்

பென்னாகரத்திலிருந்து:

வணக்கம். பெருங்குடல் புற்றுநோய்க் கையேட்டின் வரைவில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் "கடலை அமிலம்" ஆகியிருக்கிறது. எடுத்துவிடலாம். அராகிஸ் என்பது நிலக்கடலைச் செடியின் தாவரவியல் பெயர், அதுவரை சரி. ஆனால் கடலையிடம் நேரடியாகப் பெயர் வாங்கியது அராகிடிக் அமிலம்: 20 கரியணு (கார்பன் அணு), இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூடக் கிடையாது. கடலை எண்ணெயில் ஒன்றிரண்டு சதவீதம் இருக்கும். அராகிடோனிக்கின் 4 இரட்டைப் பிணைப்புகளிலும் ஹைட்ரஜன் ஏற்றினால் அராகிடிக் ஆகிவிடும். அந்த உறவில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அராகிடோனிக் இருப்பது ஈரல், இறைச்சி, முட்டை மஞ்சள் கருவில். கடலையில் அல்ல.

"கடலை அமிலம் புற்றுக்குத் துணைபோகிறது" என்று பாலக்கோட்டில் ஒருவர் படித்தால் வீட்டுச் செக்கெண்ணெயைத்தான் கொட்டுவார்.

ஊத்தங்கரையிலிருந்து:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி வரும், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெயில் லினோலிக் அமிலம் கணிசமாக உண்டு; உடல் அதிலிருந்துதானே அராகிடோனிக்கைச் செய்கிறது?

பெயருக்கு "நாலிரட்டைக் கொழுப்பமிலம்" எப்படி?

ஓசூரிலிருந்து:

கேள்விக்கு முதலில். லினோலிக் 18 கரியணு, 2 இரட்டைப் பிணைப்பு. மூன்றாவது பிணைப்பைப் போடும் டெல்டா-6 நொதிதான் இந்தப் பாதையின் குறுகலான மதகு. மேலே தண்ணீர் எவ்வளவு நின்றாலும் மதகு விடுகிற அளவுதான் இறங்கும். பெரியவர்களிடம் உணவில் லினோலிக்கைக் கூட்டினாலும் திசுக்களில் அராகிடோனிக் பெரிதாக ஏறுவதில்லை. கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

"நாலிரட்டை" மட்டும் போதாது அம்மா. 18 கரியணுவில் 4 இரட்டைப் பிணைப்புள்ள ஸ்டியரிடோனிக் அமிலமும் இருக்கிறது. இங்கே 20தான் முக்கியம். உயிரணுச் சவ்விலிருந்து பிரிந்து வரும் அராகிடோனிக்கைக் காக்ஸ்-2 நொதி பிடித்து, அடுத்த படியில் அது புராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற சமிக்ஞைப் பொருள் ஆகிறது. பெருங்குடல் உட்சுவர் உயிரணுக்களை அது பெருகச் சொல்கிறது, சாக வேண்டியதைச் சாகவிடாமல் தடுக்கிறது, புது இரத்தக் குழாய்களையும் கூப்பிடுகிறது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் காக்ஸ்-2 மிகுந்திருக்கும். ஈ2-வைச் சிதைக்கும் நொதியோ குறைந்திருக்கும். உற்பத்தி கூடி, கழிவு அடைபட்ட நிலை. ஆஸ்பிரின் மறிப்பது காக்ஸ் படியை. (அதற்காகத் தினம் ஒரு மாத்திரை என்று யாரும் தொடங்கிவிடக் கூடாது, வயிற்றில் இரத்தக் கசிவு வரும். இதையும் அச்சிட வேண்டும்.)

மீன் எண்ணெயின் ஈபிஏ-வும் 20 கரியணுதான், ஆனால் 5 இரட்டைப் பிணைப்பு. அதே காக்ஸ் நொதிக்குப் போட்டியாக நின்று, வேகம் குறைந்த புராஸ்டாகிளாண்டின் ஈ3-ஐத் தருகிறது. ஆக 20 என்பது குடும்பப் பெயர், 4-ம் 5-ம் பிள்ளைகளின் அடையாளம். "இருபதி" என்று யோசித்தேன். அச்சில் "திருப்பதி"யின் எழுத்துப்பிழை போலத் தெரிகிறது. பழைய சொல் "இருபான்" இருக்கிறதே. நாலிரட்டை இருபான் அமிலம், ஐயிரட்டை இருபான் அமிலம். இவற்றிலிருந்து உண்டாகும் ஐகோசனாய்டுகளுக்கு "இருபானிகள்".

பென்னாகரத்திலிருந்து:

இருபானி நன்றாக விழுந்திருக்கிறது. புராஸ்டாகிளாண்டினை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். முதலில் விந்துப்பை, புராஸ்டேட் சுரப்பி வட்டாரத்தில் கண்டு 1935-இல் வைத்த பெயர். "சுரப்பியம்" என்றால் ஆண்களுக்கு மட்டும் உள்ளது என்றாகும். ஒலிபெயர்ப்பே இருக்கட்டும்.

ஊத்தங்கரையிலிருந்து:

எனக்கும் சம்மதம். அட்டவணையில் இடம் போதாதென்று "இருபான்-4", "இருபான்-5" என்று சுருக்க வேண்டாம். ஒமேகா-3, ஒமேகா-6 என்று மக்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். அங்கே எண் சொல்வது வால்முனையிலிருந்து எண்ணினால் முதல் இரட்டைப் பிணைப்பு எந்த இடத்தில் என்பதை. எத்தனை பிணைப்பு என்பதை அல்ல. 5 பிணைப்புள்ள ஈபிஏ ஒமேகா-3, 4 உள்ள அராகிடோனிக் ஒமேகா-6. இரண்டு கணக்கும் ஒரே கட்டத்தில் வந்தால் கிராமச் செவிலியருக்கே குழம்பும். முழுப் பெயரை இரண்டு வரியாக மடித்துப் போடுங்கள். முதல் முறை வரும்போது பக்கத்தில் "அராகிடோனிக்" என்றும் இருக்கட்டும்.