பசங்களுக்கு குப்பை பிரிக்கிறது, தண்ணி சிக்கனம்லாம் வீட்ல எப்படி பழக்குறீங்க?

மேடவாக்கம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் மூணாவது படிக்கிறான், பாப்பா எல்கேஜி. போன வாரம் பையன் ஸ்கூல்ல "பூமியைக் காப்போம்"னு ப்ராஜெக்ட். தெர்மாகோல், ஜிகினா பேப்பர், கலர் பிரிண்ட் அவுட்னு வாங்கி ராத்திரி உக்காந்து ஒட்டி கொண்டு போனான், மிஸ் ஸ்டார் போட்டாங்க, மறுநாளே அது குப்பைக்கு போயிடுச்சு. சரி, அது ஸ்கூல் பாடு. என் கவலை வேற. சிப்ஸ் கவரை மாடிப்படியிலயே போட்டுட்டு வர்றான், ஏன்டான்னு கேட்டா "அதான் கூட்டுறவங்க வருவாங்கள்ல, அது அவங்க வேலை தானே"ங்கிறான். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அடிச்சு திருத்துற விஷயமும் இல்ல.

நாங்க இருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு பக்கத்துல தான். 2022ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்) வந்த இடம், அதே சதுப்புல தான் பெருங்குடி குப்பைமேடும். காத்து இந்தப் பக்கம் அடிச்சா ஜன்னல சாத்தணும். நம்ம வீட்டு குப்பை தான்டா அங்க போகுதுன்னு காட்டினேன், "அப்படியா"ன்னுட்டு போனை எடுத்துக்கிட்டான். சார்ட் ஒட்டுங்க, வீடியோ காட்டுங்கன்னு சொல்லாம தினமும் உங்க வீட்ல என்ன செய்றீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ். மாமியார் வேற எதிர்க்கட்சி, பேரனை குப்பைய தொட விடுறியான்னு சண்டைக்கு வருவாங்க.

கோவைக்காரன்:
சொல்லிக் குடுத்தா வராதுங்க, வேலைய குடுத்துருங்க. எங்க வீட்ல பால் பாக்கெட் பொண்ணு பொறுப்பு. மூலைய வெட்டறப்போ அந்த துணுக்கை தனியா வெட்டி எடுக்கக்கூடாது, லேசா கீறி பாக்கெட்டோடவே ஒட்டிக்கிட்டு இருக்கணும், ஏன்னா அந்த துக்கடா தான் சாக்கடைக்கு போகும், அதை பொறுக்கி எடுக்கறவங்க யாரும் இல்ல. அப்புறம் உள்ள தண்ணி விட்டு அலசி (அந்த தண்ணி கறிவேப்பிலை செடிக்கு) ஜன்னல் கம்பியில கிளிப் போட்டு காய வெப்பா. சேர்ந்ததும் பழைய பேப்பர் கடைக்கு போகும், அந்த காசு அவளோடது, நாங்க கேக்கறதில்லைங்க. காசு வந்ததுக்கப்புறம் என்னை விட கறாரா ஆயிட்டா, நான் மூலைய வெட்டிப்போட்டா திட்டு விழுது.

தண்ணிக்கு, ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற தண்ணிய வாளியில புடிச்சு வீடு துடைக்கிறோம், வாளிய மாத்தி வெக்கறது பையன் வேலை. மறந்துட்டா தரையெல்லாம் வெள்ளம், அவனே தான் துடைக்கணும். உங்க மாமியாருக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்லீங்க.

சும்மா கேக்குறேன்:
எல்லாம் சரி, நீங்க அழகா பச்சை டப்பா நீல டப்பான்னு பிரிச்சு குடுப்பீங்க, கீழ வண்டியில எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்டு போவான், என் கண்ணால பாத்திருக்கேன். 2019 ஜனவரி 1ல இருந்து 14 வகை பிளாஸ்டிக்கு தமிழ்நாட்ல தடை, போய் எந்த பூக்கடைலயாவது நின்னு மல்லிப்பூ எதுல போட்டு குடுக்கறாங்கன்னு பாருங்க. தயாரிக்கிறவனை விட்டுட்டு மூணாங்கிளாஸ் பையன் தலையில உலகத்தை தூக்கி வெக்கிறது எனக்கு ஒப்பல. அவன் பாட்டுக்கு விளையாடட்டும்.

பேர் வேண்டாம்:
ரொம்ப நாளா படிக்க மட்டும் தான் வருவேன், இதுக்கு எழுதணும்னு தோணுச்சு. எங்கம்மா தூய்மைப் பணியாளர், ஒப்பந்த வேலை. "அது அவங்க வேலை தானே"ன்னு பையன் சொன்னது தப்பான வார்த்தை இல்ல, வேலை தான், ஆனா அந்த வேலை எப்படி நடக்குதுன்னு அவனுக்கு தெரியாது, அவ்வளவு தான். அம்மாவோட வலது கையில விரலிடுக்குல தையல் போட்ட தழும்பு இருக்கு, உடைஞ்ச டம்ளரை யாரோ சாம்பார் சாதத்தோட கவர்ல போட்டு இறுக்கி முடிச்சு போட்டிருந்தாங்க. முடிச்ச அவுக்க நேரம் கிடையாது, கிழிச்சு தான் பிரிப்பாங்க. கிளவுஸ் குடுப்பாங்க, ஆனா ஈரம் உள்ள போயிட்டா வழுக்கும், அதனால பாதி பேர் கழட்டி வெச்சுட்டு தான் செய்வாங்க.

அதனால பையனுக்கு பூமி, பனிக்கரடில இருந்து ஆரம்பிக்காதீங்க, கையில இருந்து ஆரம்பிங்க. கண்ணாடி உடைஞ்சா அவனையே பழைய நியூஸ்பேப்பர் எடுத்துட்டு வர சொல்லி, நீங்க நாலு மடிப்பா சுத்தி, மேல "கண்ணாடி"ன்னு பெருசா அவன் கையெழுத்துல எழுத சொல்லி, தனியா கையில குடுக்க சொல்லுங்க. பிளேடு, ஊசி, டயாபர், நாப்கின் எல்லாமே பேப்பர்ல சுத்தி தனியா. கவரை முடிச்சு போடாதீங்க.

மேல "சும்மா கேக்குறேன்" சொன்னது உண்மை, கலக்கறாங்க. நேரம் பத்தாது, ஆள் பத்தாது, வண்டியில தடுப்பு இருக்காது. 2016லயே மக்கறது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவுன்னு (பேட்டரி, பல்பு மாதிரி) மூணா பிரிச்சு தரணும்னு விதி வந்துச்சு, அதை எத்தனை வீடு செஞ்சுது? எங்கம்மா தெருவுல பிரிச்சு தர்ற வீடு எதுன்னு அவங்களுக்கு மனப்பாடம். வண்டியில கலந்தாலும் பிரிச்சு தர்ற வீட்ல கை கிழியாது சார். அந்த அக்கா பேர் என்னன்னு பையன் கேட்டு தெரிஞ்சுக்கட்டும், "கூட்டுறவங்க"ன்னு சொல்ல வேண்டாம்.

சிவகங்கை சீமை:
சும்மா கேக்குறேன் அண்ணே, சின்னப் புள்ளைகளால ஆகாதுன்னு சொல்லாதிய. எங்க மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு, 1977ல அறிவிச்சது. பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டியில தீபாவளிக்கு வெடி போட மாட்டாக. நத்தைகுத்தி நாரை, கொக்கெல்லாம் கண்மாயில கூடு கட்டி குஞ்சு பொரிக்கிற நேரம், சத்தம் கேட்டா பறந்துரும்னு ஊரே விட்டுருச்சு, சரணாலயம்னு பேர் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தானாம். அந்த ஊரு புள்ளைகளுக்கு வெடிக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? பெரியவுக யாருமே போடல, அதனால புள்ளைகளும் போடல. வனத்துறைல இருந்து வந்து மிட்டாய் குடுத்துட்டு போவாக. அப்பன் கார் கண்ணாடிய எறக்கி தண்ணி பாட்டில வெளிய எறிஞ்சா, புள்ளைக்கு எத்தனை சார்ட் ஒட்டுனாலும் ஒண்ணும் ஆகாது.

சும்மா கேக்குறேன்:
பேர் வேண்டாம் - கண்ணாடி விஷயம் இத்தனை நாள் யாரும் சொல்லல, இன்னைலேர்ந்து செய்றேன். பூக்கடை பத்தி சொன்னதுல மாற்றம் இல்ல.

மேடவாக்கம் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பேர் வேண்டாம், நீங்க எழுதினத பையனுக்கு அப்படியே படிச்சு காட்டினேன், "அந்த அம்மாவுக்கு இப்ப கை வலிக்குதா"ன்னு கேட்டான், என்ன சொல்லணும்? இன்னைக்கு காலையில எங்க மாடிக்கு வர்றவங்க பேரை கேட்டுட்டு வந்துட்டான், அவங்களும் அவன் பேரை கேட்டாங்களாம். மாமியார் பழைய பேப்பர் காசு கணக்குல மட்டும் ஆர்வமா இருக்காங்க, அது போதும் இப்போதைக்கு. இன்னொரு சந்தேகம், பால்கனியில பழைய பெயின்ட் வாளியில ஓட்டை போட்டு காய்கறித் தோலை உரமாக்க ஆரம்பிச்சேன், இப்ப புழு நெளியுது, பாப்பா வீல்னு கத்துறா. தூக்கி போட்டுடவா?

பேர் வேண்டாம்:
இப்ப வலி இல்லக்கா. மழைக்காலத்துல மட்டும் கொஞ்சம் இழுக்கும்னு சொல்லுவாங்க.

கோவைக்காரன்:
தூக்கிப் போட்றாதீங்க. ஈரம் ஜாஸ்தி ஆனா புழு வரும், அது ஒண்ணும் பண்ணாது. காஞ்ச இலை இல்லைன்னா தேங்கா நார்த்தூள் ரெண்டு கை போட்டு கிளறி விடுங்க, மூடிய லேசா திறந்து வைங்க, சோறு குழம்பு மிச்சம் மட்டும் கொஞ்ச நாளைக்கு போடாதீங்க. நாத்தம் அடிச்சா அப்ப சொல்லுங்க, அது வேற கதைங்க.