சிங்கிள் சைன்-ஆன் வந்தபிறகு உங்கள் ஆபீஸில் நடந்த ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பேஸிஸ்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். சிங்கிள் சைன்-ஆன், சுருக்கமாக எஸ்எஸ்ஓ, என்றால் ஒருமுறை நுழைந்தால் எல்லாம் திறக்கும் வசதி. அதற்கு முன்பு, எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில், சிஸ்டங்களை இணைக்கும் எஸ்எம்59 திரையில் ஒரு பொது யூசரும் பாஸ்வேர்டும் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிய காலம். எங்களிடம் வெண்டர் விவரங்களுக்கு ஒரு எஸ்ஏபி சிஸ்டம், கணக்குக்குத் தனியாக இன்னொன்று. முதலாவதில் மாற்றினால் ஆர்எஃப்சி என்ற இணைப்பு வழியே இரண்டாவதில் போய்ப் பதியும், யார் மாற்றினாலும் 'ஆர்எஃப்சி யூசர்' என்ற ஒரே பெயரில்.

வருடத் தணிக்கை. ஒரு வெண்டரின் வங்கிக் கணக்கு எண் மாறியிருப்பதை ஆடிட்டர் பிடித்துவிட்டார். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. மாற்ற வரலாற்றைத் திறந்தோம். மாற்றியவர், ஆர்எஃப்சி யூசர். அதற்கு முந்தைய மாற்றமும் அவரே. அதற்கு முந்தையதும்.

"இவர் எந்த டிபார்ட்மென்ட் சார்? இன்னைக்கு வந்திருக்காரா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, பெயர் எழுதுவதற்குக் காத்திருந்தார்.

அப்புறம்தான் டிரஸ்டட் ஆர்எஃப்சி-க்கு, அதாவது ஒரு சிஸ்டம் இன்னொன்றை நம்பி உள்ளே விடும் இணைப்புக்கு, மாறினோம். இணைப்பில் பாஸ்வேர்டே கிடையாது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யாரோ, அவர் பெயரே அந்தப் பக்கமும் பதிவாகும். முதல் நாள் எல்லோருக்கும் ஆர்சி=2, அதாவது அனுமதியில்லை என்ற பிழை, அடித்தது தனிக்கதை. ஏறக்குறைய எல்லா அதிகாரமும் தரும் எஸ்ஏபி_ஆல் வைத்திருந்த எனக்கே அடித்தது. அதற்குள் எஸ்_ஆர்எஃப்சிஏசிஎல், அதாவது இப்படி நம்பிக்கையில் நுழையும் அனுமதி, வழக்கமாகச் சேராது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனாலும் அந்தத் திறந்த பேனாதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஹெல்ப்டெஸ்க் தம்பி

திங்கட்கிழமை காலை என்றாலே எங்களுக்கு பாஸ்வேர்டு ரீசெட் திருவிழா. கெர்பரோஸ் என்ற உள்நுழைவு முறை போட்டபிறகு விண்டோஸில் ஒருமுறை நுழைந்தால் போதும், போன் அடிப்பதே குறைந்துவிட்டது. சொல்ல வந்தது அதில்லை.

ஒருநாள் காலை, எங்கள் வெளியூர் கிடங்கில் மட்டும் யாருக்கும் ஈஆர்பி (கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்) திறக்கவில்லை. விண்டோஸ் திறக்கிறது, மெயில் வருகிறது, ஈஆர்பி மட்டும் முரண்டு. நான் கெர்பரோஸ் அமைப்பில் எஸ்பிஎன் பார்த்தேன், கீடேப் பார்த்தேன், நெட்வொர்க்காரரோடு சண்டையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போயே போச்சு. அப்போது கிடங்கிலிருந்து ஸ்டோர் கீப்பர் ஐயா கூப்பிட்டார். ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருடம் இருக்கிறவர்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல மணி பத்து ஏழுன்னு காட்டுது. எங்க பத்து மணி டீ இன்னும் வரலையே?"

அங்கே உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. கெர்பரோஸ் பொறுத்துக்கொள்வது வழக்கமாக 5 நிமிடம்தான். அதற்கு மேல் போனால் தலைமை அலுவலக சர்வர் கெர்பரோஸ் தரும் நுழைவு டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடும். கடிகாரத்தைச் சரிசெய்து முடித்தபோது போனில் டீ கிளாஸ் சத்தம் கேட்டது.

ஆத்தரைசேஷன் ஆள்

பேஸிஸ்காரன் சார், கோவித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வது பாதிக் கதை. டிரஸ்டட் போட்டுவிட்டால் எல்லாம் சுபம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

என் கதை சின்னது. ஒரு இடத்தில் ரிவ்யூவுக்குப் போனேன். மென்பொருள் எழுதிப் பார்க்கும் டெவலப்மென்ட் சிஸ்டத்தை, நிஜ வேலை ஓடும் புரொடக்‌ஷன் நம்பியது. டெவலப்மென்டில் யூசர் உருவாக்கும் அதிகாரம் புதுப் பையன் வரைக்கும் இருந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு, நிதி மேலாளர் பெயரில் அங்கே ஒரு யூசரை உருவாக்கி, அதிலிருந்து புரொடக்‌ஷனுக்குத் தாவிக் காட்டினேன். பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர், தன் பெயர் திரையின் அடியில் வந்ததைப் பார்த்துவிட்டு மெதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

இனி அறிவுரை. நம்பிக்கைக்குத் திசை உண்டு. சோதனைச் சிஸ்டத்தை புரொடக்‌ஷன் நம்பவே கூடாது; சமமான பாதுகாப்பு உள்ளதை மட்டும் நம்பலாம். எஸ்_ஆர்எஃப்சிஏசிஎல்-ல் சிஸ்டம், கிளையன்ட் (சிஸ்டத்துக்குள் தனிப் பிரிவு), யூசர் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் (எதுவானாலும் சரி) போடுகிறவர்களை என்ன சொல்வது? எந்தச் சிஸ்டம், எந்தக் கிளையன்ட் என்று பெயர் சொல்லிப் போடுங்கள். 'அதே யூசர் மட்டும்' என்கிற ஆர்எஃப்சி_ஈக்யூசர்-க்கு 'ஒய்' கொடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், நான் காட்டிய வித்தையில் இரண்டு பக்கமும் ஒரே பெயர்தான். பழைய பொது யூசரைப் பூட்டினீர்களா? பாதிப்பேர் புது வாசல் வைப்பார்கள், பழைய வாசலை மூட மாட்டார்கள். அப்புறம், எஸ்எஸ்ஓ-வுக்குப் பயன்படும் இன்னொரு முறையான சாமிலின் (SAML) கதை இன்னும் மோசம். 2020-ல் சோலார்விண்ட்ஸ் மென்பொருள் வழியே நடந்த தாக்குதல் வெளியே வந்தபோது சிலருக்கு நடந்தது என்ன? நுழைபவர் யார் என்று சான்று சொல்லும் டோக்கனில் கையெழுத்திடும் சாவியே திருடு போனது. சாவி கையில் இருந்தால் யார் பெயரில் வேண்டுமானாலும் நுழையலாம், பாஸ்வேர்டு மாற்றினாலும் பயனில்லை. அந்தச் சாவி உங்கள் இடத்தில் எங்கே இருக்கிறது, யார் தொடமுடியும், தெரியுமா?

எச்ஆர் அக்கா

இவ்வளவு டெக்னிக்கல் எனக்குத் தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் எங்களிடம் ஒன்பது சிஸ்டம் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனி மெயில் போடவேண்டும். ஒரு பையன் போய் நான்கு மாதம் கழித்து அவனே போன் செய்தான்.

"மேடம், பயணச் செலவு அப்ரூவலுக்கு இன்னும் எனக்குத்தான் வருது. அப்ரூவ் பண்ணட்டுமா, வேண்டாமா?"

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். நல்ல பிள்ளை. வேறு யாராவது இருந்திருந்தால்? இப்போது எல்லோருடைய விண்டோஸ் கணக்கும் இருக்கும் ஏடி-யில் ஒரு இடத்தில் முடக்கினால் ஒன்பதும் மூடிக்கொள்கிறது. எனக்கு அது போதும்.

இரவு ஷிப்ட்

அக்கா, ஒன்பதும் மூடுகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எஸ்எஸ்ஓ வந்தபிறகும் பழைய பாஸ்வேர்டு திரையை அப்படியே விட்டு வைத்திருக்கும் மென்பொருள் நிறைய உண்டு. நேரடி முகவரி தெரிந்தவன் அதன் வழியே வந்துவிடுவான்.

எனக்கு நடந்தது ஒரு ஞாயிறு ராத்திரி. சாமில் சான்றிதழ் காலாவதி. மைக்ரோசாப்டின் உள்நுழைவுச் சேவையான என்ட்ராவில் நீங்களாக மாற்றாவிட்டால் அதற்கு ஆயுள் 3 வருடம். முடியும் முன்னே எச்சரிக்கை மெயில் வரும், வந்தும் இருக்கிறது. போன வருடமே கிளம்பிப்போனவரின் முகவரிக்கு. உள்ளே நுழைய முடியவில்லை என்று புகார் டிக்கெட் போடலாம் என்று பார்த்தால், டிக்கெட் போடும் மென்பொருளும் அதே எஸ்எஸ்ஓ-க்குப் பின்னால். அதைத் திறக்க உள்ளே நுழைய வேண்டும்! கடைசியில் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். அவர் விடியற்காலையில் பார்த்துவிட்டு கட்டைவிரல் போட்டார். அவ்வளவுதான், கட்டைவிரல் மட்டும்.

பேஸிஸ்காரன்

ஆத்தரைசேஷன் ஆளுக்கு: பாதிக் கதை என்றதும் கடுப்பாகத்தான் இருந்தது. பதில் எழுதலாம் என்று ஆதாரத்துக்கு எஸ்எம்டி1 திரையைத் திறந்தேன். புரொடக்‌ஷனில், நம்பும் சிஸ்டங்கள் பட்டியலில் மூன்று பெயர். மூன்றாவது, க்யூஏ என்ற சோதனைச் சிஸ்டம். மாறும்போது சோதித்துப் பார்க்கச் சேர்த்தது, எடுக்கவே இல்லை. பொது யூசரும் இன்னும் பூட்டப்படவில்லை. போன வாரம்கூட உள்ளே வந்திருக்கிறார். தானாக ஓடும் எந்த ஜாப் அவரைக் கூப்பிடுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் எழுதுகிறேன்.