மறு: 'செஷன் ஜீரோ ஐசொலேஷன்' தமிழில்?

நண்பர்களே,

விண்டோஸில் பின்னணியில் ஓடும் நிரல்களை (சர்வீஸ்), உள்நுழைந்த பயனரிடமிருந்து பிரித்து 0 என்ற எண்ணுள்ள தனி அமர்வில் (செஷன்) வைப்பதுதான் 'செஷன் ஜீரோ ஐசொலேஷன்'. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> 'மறைநிலைச் சேவை' என்று வைத்தால் என்ன? சாளரம் மறைந்துதானே இருக்கிறது.

மறைநிலை ஏற்கெனவே உலாவியின் இன்காக்னிட்டோவுக்குப் போய்விட்டது. அதைவிட, இங்கே சாளரம் மறையவே இல்லை என்பதுதான் சிக்கல்.

சொந்த அனுபவம் ஒன்று. ஒரு கடையின் பில்லிங் கணினியில் இரவு நகலெடுக்கும் விண்டோஸ் சர்வீஸ் ஒன்றை எழுதியிருந்தேன். எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடியது. விண்டோஸ் 7-க்கு மாறியதும் பாதியில் நின்றது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம்தான் புரிந்தது: 'வட்டில் இடமில்லை' என்று ஒரு மெசேஜ் பாக்ஸைத் திறந்துவிட்டு, யாராவது 'சரி' பொத்தானை அழுத்துவார்கள் என்று காத்திருக்கிறது. பெட்டி திறந்தது உண்மை. ஆனால் திறந்த மேசை (டெஸ்க்டாப்) வேறு, நாம் உட்கார்ந்திருக்கும் மேசை வேறு.

எக்ஸ்பி வரை கூட்டுக்குடித்தனம். முதலில் உள்நுழைபவரும் சர்வீஸ்களும் ஒரே 0 அமர்வில் இருந்தார்கள். ஒரே மேசையில் இருக்கும் எந்த நிரலும் இன்னொன்றின் சாளரத்துக்குச் செய்தி அனுப்பலாம். அதனால் சாதாரண நிரல்கூட சிஸ்டம் என்ற உயர் உரிமையில் ஓடும் சர்வீஸின் சாளரத்தைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்க முடியும் என்பது 2002-இல் 'ஷேட்டர்' தாக்குதலாக வெளிச்சத்துக்கு வந்தது. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவில் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள்: 0 சர்வீஸ்களுக்கு மட்டும், ஆட்களுக்கு 1 முதல். 0 அமர்வை எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் மாதிரி இருந்த 'இன்டராக்டிவ் சர்வீசஸ் டிடெக்‌ஷ'னும் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்போடு போயிற்று.

> அப்படியென்றால் 'சுழிய அமர்வுத் தனிமைப்படுத்தல்'?

கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேட்டாலே நோயாளிதான் நினைவுக்கு வருகிறார். இங்கே ஒதுக்கிவைத்தது நோய்க்காக அல்ல, காவலுக்காக. 'பிரிப்பு' போதும். சுழியமா, இலங்கை நண்பர்கள் சொல்லும் பூச்சியமா என்ற பஞ்சாயத்தும் வேண்டாம், எண்ணாகவே எழுதிவிடலாம். என் பரிந்துரை: 0-அமர்வுப் பிரிப்பு. வகுப்பில் விளக்கும்போது தனிக்குடித்தனம் என்றே சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும்.

திரையில் ஏதாவது காட்டியே ஆகவேண்டுமென்றால், பயனரின் அமர்வில் ஒரு சின்ன நிரலை ஓடவிட்டு, சர்வீஸ் அதனிடம் பைப் (இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகச் சொல்லி அனுப்புவதுதான் முறை. அந்தச் சின்ன நிரலை 'முகவர்' என்கிறோம். எனக்கு 'தூது நிரல்' பிடிக்கிறது. முகவர் என்றால் எல்ஐசிதான் ஞாபகம் வருகிறது.

'விண்டோ ஸ்டேஷன்' மட்டும் இன்னும் உதைக்கிறது. 'சாளர நிலையம்' என்றால் ரயில் வந்து நிற்கும்போல இருக்கிறது. கிளிப்போர்டையும் சில மேசைகளையும் உள்ளே வைத்திருக்கும் ஒரு கொள்கலன் அது. 'சாளரக் கூடம்' என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் போடுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.